மைனஸ் பதினைந்துக்கான கோட்

பெரம்பூர் லோகோ ஸ்டேஷன் பின்னால்
பியூலா அக்கா வீடு. மே மாதம். கரண்ட் இல்லை.
"போட்டுப் பாத்துட்டு வாங்கு" என்றாள்.

கழுத்துவரை ஜிப்பை இழுத்ததும்
முதுகில் வியர்வை வழி தேடியது.
மூவாயிரம் சொன்னதை
இரண்டாயிரத்து அறுநூறில் முடித்தோம்.

உள்பையில் கைவிட்டேன்:
எழுத்தழிந்த டிராம் சீட்டு,
உருகி ஒட்டிய இருமல் மிட்டாய்,
மடித்த தாளில் அவள் கையெழுத்து.
ஒரே ஜெர்மன் வாக்கியம், பதினோரு முறை.
நுங்கம்பாக்கம் வகுப்பில் நானும் படித்ததுதான்:
மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை.

"இன்டர்ன்ஷிப் எப்படி இருந்துச்சுக்கா?"
"குளிரு" என்றாள்.
தாளை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

பஸ்ஸில் கோட்டுக்கு மடியில் இடம் போதவில்லை.
லக்கேஜ் டிக்கெட் எடு என்றார் கண்டக்டர்.
வாயில் முதலில் வந்தது
ஜெர்மன்.