சைவ அயிரை

கருமாத்தூர் விலக்கில் வேனை நிறுத்தும்போது
மணி ஒன்றே முக்கால்.
காதுகுத்து முடிந்து
எட்டுப் பெட்டி, நான்கு கூம்பு, ஒரு ஜெனரேட்டர்
எல்லாம் பின்னால் கட்டிக்கிடக்க
எங்கள் காதுக்குள் இன்னமும் யாரோ
மொய் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

டீக்கடையில் பால் தீர்ந்துவிட்டது.
தொங்கிய சரங்களில்
ஊதா நிறத்தில் ஒன்று மட்டும் புதுசு:
அயிரைமீன் குழம்புச் சுவை,
சித்திரை மாதம் மட்டும்.
கீழ் மூலையில் பச்சைப் புள்ளி.
"சைவ அயிரைடா" என்றான் மொக்கராசு.
சிரித்துக்கொண்டேதான் சொன்னான்,
ஆனால் திருநீறு வாங்குகிற மாதிரி
இரண்டு கையாலும் வாங்கினான்.

பாதிக்கு மேல் காற்று.
அந்தக் காற்றிலும் புளி வாசம்.

முதல் சில்லில் புளி.
அதன் முதுகில் ஏறிக்கொண்டு மல்லி.
பந்தி பரிமாறி முடிகிற நேரத்தில்
கோபித்துக்கொண்டு வருகிற தாய்மாமன் மாதிரி
கடைசியில் மிளகாய்.
மீனைக் காணோம்.
நாக்கை அண்ணத்தில் ஒட்டவைத்துத் தேடினால்
கண்மாய் வற்றுகிற நாளின் சேற்று மணம்
ஒரு நொடி இருந்தது.
"இருக்கு" என்றேன்.
"இல்ல" என்றான்.

அவனுக்கு எதையும் வெறும் வாயில் தின்னத் தெரியாது.
பரோட்டாவுக்கு உறுமி,
தயிர்சாதத்துக்கு வீணை,
முதலாளி திட்டிய நாளின் ரஸ்க்குக்கு
மோர்சிங் என்று
பென் டிரைவில் தனித்தனியாகப் போட்டு வைத்திருக்கிறான்.

முதலில் தவில்.
தவில் சில்லை விழுங்கிவிட்டது.
மெல்வது நாங்கள்தானா என்றே தெரியவில்லை.
அடுத்து புல்லாங்குழல்.
பேச்சு முறிந்த சம்பந்திகள் போல
குழலும் காரமும்
வேறு வேறு பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தன.
பிறகு நாகஸ்வரம்,
திருப்பரங்குன்றம் பக்கம் ஏதோ கோயிலில்
அவனே போனை நீட்டிப் பிடித்துப் பதிந்தது.
முகாரி.
யாரோ இருமுகிறார்.
ஒரு குழந்தை செருப்பைக் கேட்கிறது.
வாசிப்பவர் கீழே, கீழே இறங்கி
அடியில் நின்று
மூச்சு வாங்குகிறார்.

அந்த மூச்சில் நான் கடித்தேன்.

மீன் வந்தது.
முள்ளோடு, மண்ணோடு,
சட்டியின் ஓரத்தில் ஒட்டிய எண்ணெயோடு.

"பின்னால தள்ளு" என்று கத்தினேன்.
தள்ளினான். இருமல், குழந்தை, செருப்பு,
மூச்சு. கடித்தான்.
உதட்டைப் பிதுக்கினான்.
மறுபடி இருமல், மறுபடி செருப்பு.
முந்திக் கடித்தான், பிந்திக் கடித்தான்,
கண்ணை மூடிக் கடித்தான்.
"உனக்கு மட்டும் எப்பிடிடா?"
அந்தக் குரலில் விளையாட்டு இல்லை.

ஐந்தாவது தடவை ஃபியூஸ் போனது.

சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளை மடித்துச் செருகுவது
எங்கள் தொழிலில் பழைய வைத்தியம்.
இரண்டு பேரும் சிகரெட்டை விட்டு ஒரு வருஷம்.
ஊதாப் பையைக் கிழித்து
உள்பக்கத்தைத் துடைத்துச் சுருட்டிவைத்தான்.
ஒன்றும் நடக்கவில்லை.
அது வெள்ளி இல்லை,
வெள்ளி மாதிரி.

கிழிந்த பையில் தூள்தான் மிச்சம்.
விரலால் ஒற்றி எடுத்து
வாயருகே கொண்டுபோன நேரம்
தேனியிலிருந்து ஒரு லாரி,
தார்ப்பாயின் ஒரு முனை அவிழ்ந்து
படபடவென்று அடித்துக்கொண்டு
எங்களைக் கடந்து போனது.
மொக்கராசுவின் தாடை அப்படியே நின்றது.

"வந்துருச்சா?"

பதில் சொல்லாமல் இறங்கிப்போய்
பெட்டிகளின் கயிறை இழுத்துப் பார்த்தான்.
ஏற்கனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

வைகாசியில் அந்தக் கடைக்காரர்
"அது போச்சுண்ணே, இப்ப புதினா" என்றார்.
வாங்கவில்லை.

செல்லூரில் ஒரு கல்யாணம்.
மண்டப வாசலில் லாரி ஒன்று
கட்டாத தார்ப்பாயோடு திரும்புகிறது.
மேடையில் மொக்கராசு
மைக்கைத் தட்டி
ஒண்ணு, ரெண்டு என்கிறான்.
எச்சில் விழுங்குகிற சத்தம்
எட்டுப் பெட்டியிலும் கேட்கிறது.
அப்புறம்தான்
மூணு.