இந்த இருவரும் ஒருவரா?

திரை கேட்கிறது.
கீழே இரண்டு பொத்தான்கள்: ஆம், இல்லை.

ப. கோகிலவாணி, காமாக் கதிர் வானியல்.
கட்டுரை முப்பத்தொன்று,
மேற்கோள் இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கு.
வாணி கோ. ப., பணிச்சூழலியல்.
கட்டுரை நான்கு, மேற்கோள் ஏழு.
ஏழில் இரண்டு நானே போட்டுக்கொண்டது.
ஒன்று, நான் சொன்னதற்கு நேரெதிரை
நான் சொன்னதாகச் சொல்வது.

அஞ்சு மணிக்குள் ஒரே ஆளாக வரவேண்டுமாம்,
தரமதிப்பீட்டுக் குழுவின் உத்தரவு.
செந்தாமரைக்கண்ணன் சார் மூன்றாம் முறையாகப் போனில்:
"ஏனுங் மேடம், ரெண்டையும் ஒண்ணாப் போட்டு உட்ருங்களே,
நெம்ப நேரம் ஆகுமுங்களா?"

பதினோரு வருசம் ஆச்சுங்க சார்.

முதலாமவள் நமீபிய மேட்டு நிலத்தில்
நிலவில்லாத இரவுகளில் விழித்திருந்தாள்.
எங்கோ கிளம்பிய கதிரொன்று
காற்றின் உச்சந்தலையில் மோதி உடைய
நீலமாய் ஒரு மினுக்கம்.
ஒரு நொடியை நூறு கோடியாய் நறுக்கி
அதில் ஐந்து துணுக்கு நேரம்.
அதிலும் ஆயிரத்துக்கு ஒன்று தேறினால் அதிகம்;
மற்றதெல்லாம் வழிதப்பி வந்த புரோட்டான்கள்,
இரைச்சல்.
எப்படிப் பிரிப்பதென்றால்,
படத்தில் விழும் நீள்வட்டம் ஒல்லியா, தடியா,
எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க வேண்டும்.
சாய்வைப் பிடித்துக்கொண்டே போனால்
மூலம் வந்துவிடும்.

அந்தக் கட்டுரையை இருநூற்றுப் பதினான்கு பேர் எழுதினோம்.
அகர வரிசையில் நான் நூற்றிரண்டாவது.
பெயர்ப் பட்டியலே நாலு பக்கம்.

இரண்டாமவள்
அனுப்பர்பாளையம் புதூர் பனியன் கம்பெனியில்
டேப்பும் கோணமானியுமாய் நின்றாள்.
ஓவர்லாக் வரிசையில் அறுபத்து நாலு பேர்.
"கழுத்து வலிக்குதா?"
"இல்லீங்க."
"இடுப்பு?"
"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க மேடம்."
சூப்பர்வைசர் பின்னால் நிற்கிறார்.
பீஸ் ரேட் முன்னால் ஓடுகிறது.
ஒடிசாவிலிருந்து வந்த ஜமுனா மாஜி மட்டும்
கேள்வி புரியாததுபோல் சிரித்தாள்.
அறுபத்து நாலு தாளிலும் இல்லை, இல்லை, இல்லை.

கேட்பதை விட்டேன்.
ராத்திரி ஷிப்டில், மாடிப்படியில் நின்று
உடம்புகளை மட்டும் பார்த்தேன்.
இடத்தோள் ஏறி, தலை முன்னால் விழுந்து
அத்தனை பேரும் ஒரே பக்கம்.
பிடித்துக்கொண்டே போனேன்.
ட்யூப் லைட், ஒன்றரை அடி தள்ளி மாட்டியிருக்கிறது.
ஸ்டூல், இரண்டேகால் அங்குலம் குட்டை.

ஆறு பக்கம் எழுதினேன், தனியாள்.
முதலாளி ராசப்பண்ணன் பூராவும் படித்தார்.
"சரியாத்தானுங் சொல்லீருக்கறீங்க.
அடுத்த ஆர்டர் வரட்டும்."

நாலே முக்காலுக்கு ஆம் என்று அமுக்கினேன்.
சக்கரம் சுற்றிச் சுற்றி நின்றது.
இரண்டாயிரத்து நூற்று இருபத்தொன்று.
எச்-குறியீடு
பத்தொன்பதிலிருந்து பத்தொன்பதுக்கு உயர்ந்தது.
"சூப்பருங் மேடம்" என்றார் செந்தாமரைக்கண்ணன் சார்.

சனிக்கிழமை மறுபடி அளக்கப் போனேன்.
ட்யூப் லைட் அங்கேயேதான்.
ஜமுனாவின் தலை மட்டும்
வரிசைக்கு மேலே கொஞ்சம் தெரிந்தது.
குனிந்து பார்த்தேன்.
ஸ்டூலின் நாலு காலுக்கும் கீழே தாள் மடிப்புகள்,
பாலித்தீன் சுற்றி
பனியன் வேஸ்டால் இறுக்கிக் கட்டியவை.
மிச்சம் விழுந்த கேள்வித்தாள் கட்டு அது.
காகிதச் செலவுக்குப் பயந்து
பழைய அச்சுப்படிகளின் பின்பக்கத்தில் நான் அடித்துக் கொடுத்தது.
பாலித்தீனுக்குள் பொடி எழுத்தில் பெயர்கள்,
ஜெர்மன், போலிஷ், ஜப்பான் பெயர்கள்.

"அந்த ஆறு பேப்பர் வெச்சு பாத்தேன் மேடம்.
அது ஒல்லி," என்றாள் ஜமுனா
மெஷினை நிறுத்தாமல்.
"இதுதான் தடி."

டேப்பைப் பிடித்தேன்.
இரண்டு அங்குலம்.
இன்னும் கால் அங்குலம் வேண்டும்.