முதலில் நின்ற இடம்

பேரூராட்சி அலமாரியில்
பிறப்பு மேல்தட்டு, இறப்பு கீழ்த்தட்டு.
இரண்டையும் அரிப்பது ஒரே கரையான்.

மாவட்டத்திலிருந்து தாள் வந்திருக்கிறது.
பத்தாண்டுக்கு ஒன்றாக ஏட்டை எடுத்து
இறந்தோரின் சராசரி வயதைப் போட்டு
வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.
"மேல ஒரு கூட்டம் சார்,
எல்லார்க்கும் வைத்தியம்னு ஆனதால
ஆயுசு கூடிச்சான்னு பேசப் போறாங்க" என்றார்
சுகாதார ஆய்வாளர் தனகோட்டி.
இறந்தவர் வயது வேறு, ஆயுட்காலம் வேறு என்று
அவருக்கும் தெரியும்.
கேட்பவருக்கு ஓர் எண் போதும்.

அறுபத்தொன்றாம் வருடத்து ஏட்டை ஊதித் திறந்தேன்.
வயது என்ற கலத்தில் அன்றைய எழுத்தர்
மைக்குச்சி தொட்டு எழுதியிருக்கிறார்:
மூன்று நாள். பதினொரு நாள். ஒன்றரை மாதம்.
பெயர்: வைக்கவில்லை.
பெயர்: வைக்கவில்லை.
நடுவே எண்பத்தெட்டு வயதில் ஒரு கோபால் ரெட்டி,
கல்யாண வீடு மாறி வந்து உட்கார்ந்தவர் போல.
கூட்டி வகுத்தால் முப்பத்து நான்கு.
முப்பத்து நான்கு வயதில்
அந்த வருடம் இங்கே ஒருவரும் சாகவில்லை.

அடுத்தடுத்த ஏடுகளில்
நாள் என்ற சொல் அருகுகிறது, பிறகு மாதம்.
ஒரு மார்கழிக்குப் பிறகு
பெயர் வைக்காமல் யாரும் போகவில்லை.
அந்தச் சமயத்தில்தான்
ஆற்றோரம் ஓடு வேய்ந்த சுகாதார நிலையம் வந்தது,
ஐஸ் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு
நர்ஸ் ஞானசெல்வம் வந்தார்.
அந்தச் சமயத்தில்தான் தண்ணீர்த் தொட்டியும்,
நகரிக்கு மூன்று வேளை பஸ்ஸும்,
எட்டாவது தாண்டிய முதல் ஏழு பெண்களும்.
எது எத்தனை வருடம் தந்தது?
நர்ஸம்மாவைக் கேட்டால் தொட்டி என்பார்.
தொட்டி கட்டிய மேஸ்திரி ஊசி என்பார்.
என் கால்குலேட்டரில் அதற்குப் பொத்தான் இல்லை.

இந்த வருடம் தொண்ணூற்றாறு பேர்,
எழுபது புள்ளி இரண்டு.
தாளை மடிக்கும்போது ரமணம்மா வந்து நின்றாள்.

புருஷன் தேசப்பன், விசைத்தறி, நாற்பத்தொன்று.
பிறந்தது இங்கே பள்ளிப்பட்டில்,
பிழைத்தது மாமியார் ஊரில், கோட்டுக்கு அந்தப் பக்கம்.
சிறுநீரகம் இரண்டும் பழுது.
அட்டை அந்தப் பக்கத்து அட்டை,
காலியாய் இருந்த படுக்கை இந்தப் பக்கத்துப் படுக்கை.
அவர்கள் வண்டி சாவடி வரைதான் வரும்,
நம் வண்டி சாவடியிலிருந்துதான் ஏற்றும்.
கரும்பு எடைமேடை அருகே
இரண்டு வண்டிகளும் பின்புறம் பின்புறமாய் நின்றன,
கதவுகள் திறந்தபடி.
ஓடும் வண்டியில் உயிர் போனால்
வண்டி முதலில் நின்ற இடத்தில் பதிய வேண்டும்
என்கிறது விதி.
எடைமேடை நம் எல்லை.

"எந்தப் பக்கம் எழுதினா சார்
பிள்ளைங்களுக்கு ஏதாச்சும் வரும்?"
தெரியாது என்பதை அவளுக்குத்
தெலுங்கில் சொன்னேன், பிறகு தமிழில்.
இரண்டிலும் அது ஒரே அளவுதான்.

அவனைச் சேர்த்தேன்.
அறுபத்தொன்பது புள்ளி ஒன்பது.
கூட்டத்தில் யாராவது கேட்பார்கள்,
ஏன் இறங்கியது என்று.

படிவத்தில் இன்னும் ஒரு கலம் மிச்சம்:
இறக்குமுன் பெற்ற மருத்துவ கவனிப்பு.
மருத்துவமனையில். மருத்துவமனைக்கு வெளியே. இல்லை.
ஏதேனும் ஒன்றை டிக் செய்க.

ஆக்சிஜன் இருந்தது என்கிறாள்.
அந்த வண்டியின் குழாயைக் கழற்றி
இந்த வண்டியில் மாட்டுவதற்குள் என்கிறாள்.

தனகோட்டி இரண்டு முறை போன் செய்துவிட்டார்.
மேசையில் என் ரத்தக்கொதிப்பு மாத்திரை,
மாதம் முப்பது, காசில்லாமல்,
செவ்வாய்தோறும் வரும் பெண் கொடுத்தது.
ஒன்றை விழுங்கிவிட்டு
பேனாவைத் திறந்து வைத்திருக்கிறேன்.