பதினொரு விநாடி

மேடையில் அவன் நின்றது நாலு நிமிசம்.
வெட்டி எடுத்தது பதினொரு விநாடி.

தமிழ்த்தினப் போட்டி.
'பெருமதிப்புக்குரிய' என்று தொடங்கப் போன துளசிகரனுக்கு
'பெ' உதட்டிலேயே ஒட்டிவிட்டது.
கண் செருகி, கழுத்து நரம்பு புடைத்து,
ஒரு சொல்லைப் பெற்றெடுக்கிற பாடு.

வீடியோ எடுத்தவன் றொக்சன்.
ஸ்டிக்கர் ஆக்கியது யாரென்று இன்றுவரை தெரியாது.
முகத்துக்குக் குறுக்கே எழுத்து: 'நெற்வேர்க் இல்லை'.

சிரித்தது யாரென்று தெரியும்.
கொக்குவில் ரெயில் கடவையில் கேட் திறக்கும்வரை
ஒரு கையில் ரோல்ஸ், மற்றக் கையால்
கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகம் மூன்று
நானும் போட்டேன்.
அவனுடைய சைக்கிள் செயின் கழன்றால்
என்ர கையைத்தான் அழுக்காக்குவேன்.
அதே கை.

பிறகு அவன்
கேள்வி தெரிந்தும் கை உயர்த்தவில்லை.
இடாப்புக் கூப்பிட்டால் 'பிரசன்ட்' சொல்லாமல் எழும்பி நின்றான்.
'வாயுக்குள்ள என்ன, கொழுக்கட்டையோ?' என்றார் சேர்.
வகுப்பு சிரித்த சத்தத்தில்
பக்கத்து வகுப்பும் எட்டிப் பார்த்தது.

கன்ரீனில் 'பணிஸ்' என்று சொல்ல வராது.
வடை என்றால் சொல்லிவிடுவான்.
வடை முடிந்த நாள்களில்
தண்ணீர்க் குழாயடியில் நெடுநேரம் நின்றான்.

கோண்டாவில் ரியூசனில் கடைசி வாங்குக்குப் போனான்.
பிறகு வாங்கு மட்டும் இருந்தது.

இரவு இரண்டரைக்கு அவன் பெயரின் கீழ்
'தட்டச்சு செய்கிறார்' என்று வரும்.
நிற்கும்.
வரும்.
நிற்கும்.
எழுத்திலும் திக்கினான்.
என்னடா என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.
போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்தேன்.

ஐப்பசியில் அது ஊர் திரும்பியது.
ஸ்காபரோவில் இருக்கிற அவனுடைய சித்தி,
மூன்று வயதில் அவனைக் கடைசியாகத் தூக்கியவள்,
யாரோ அனுப்பியதை
குடும்பக் குழுவில் பகிடிக்குப் போட்டாள்.
அவன் அம்மாவும் சிரிக்கத் தொடங்கி
சட்டையின் மேல் பொத்தானில் நின்றுபோனாள்.
வெள்ளை நூல் முடிந்த அந்தக் காலையில்
நீல நூலால் அவளே தைத்த பொத்தான்.

கூப்பன் கடை வரிசையில் அவள் என் அம்மாவிடம் சொல்லி அழுதாளாம்.
'உனக்கு ஏதும் தெரியுமோ?' என்று
புட்டை உதிர்த்தபடி அம்மா கேட்டாள்.
தெரியாது என்றேன்.
திக்கவே இல்லை.

முதலில் நூல் கட்டினார்கள்.
பிறகுதான் பெரியாஸ்பத்திரி.
வியாழக்கிழமைகளில் ஒரு மிஸ்ஸோடு இருக்கிறானாம்.
கதைக்கிறானோ இல்லையோ,
அவ பார்த்துக்கொண்டு இருப்பாவாம்,
மணிக்கூட்டைப் பார்க்காமல்.

நேற்றுப் போனேன்.
கேற்றைத் திறந்தது அவன்தான். மெலிந்திருந்தான்.
சைக்கிளை ஸ்டாண்ட் போட எனக்கு இரண்டு தரம் தவறியது.
'உ...'
சொல்லை எடுத்துக் கொடுக்க நா உன்னியது. கடித்துக்கொண்டேன்.
வேலியில் ஓணான் ஒன்று ஏறி மறைந்தது.
பதினொன்றுக்கும் மேலே போயிருக்கும்.
'உன்ர போனிலயும் இருக்கோ?'

'இல்லை' என்றேன்.
உண்மைதான்.
வெளிக்கிட முதல்
வாசலில் நின்று அழித்திருந்தேன்.