தென்றல் என்றால் இதுதானா

காலையில் வடக்குக் காற்று.
வாடை என்று சொல்ல வாய் வரவில்லை,
அடுப்படி அனல்.
கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும்;
போனவரைத் தேடப் படகு போகும்.
செயின்ட் கில்டாவில் ஒருவரும் பட்டம் விரிக்கவில்லை.

மூன்றரைக்கு
ஈச்சமரங்கள் தலையைத் திருப்பிக்கொண்டன.
முதுகு வியர்வை சில்லிட்டது.
பதினெட்டு நாட். இல்லை, இருபத்திரண்டு.
தெற்கிலிருந்து வருவதால்
இதற்கும் தென்றல் என்றா பெயர்?
பல் இருக்கிறது இதற்கு.

பன்னிரண்டு மீட்டரைச் சுருட்டிவிட்டு
ஒன்பதுக்குக் காற்றடித்தேன்.
விளிம்பைப் பிடித்து நின்றவர் ஸ்டாவ்ரோஸ்,
பிளம்பர், வேறெதுவும் தெரியாது.
கட்டைவிரலை உயர்த்தினேன்.
விட்டார்.

நீர் வற்றிய நேரம்,
மணல்திட்டில் முழங்காலளவுதான்.
அந்த முழங்காலளவில் விழுந்துதான்
போன மாசி தோள் கழன்றது.

இழுக்கிறது.
தோளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.
காலுக்கு
இல்லவே இல்லை.