முள் ஒன்றில் நிற்கிறது

செவ்வாய் இரவு சஹாராவின் தூசி
கடல் தாண்டி வந்து
ஆகிலாஸ் முழுக்கச் சேற்று மழையாகப் பெய்தது.
புதன்கிழமை மால்கம் வீட்டு நீச்சல் குளம்
பால் தூக்கலான தேநீர்.
வெள்ளிக்கிழமை பச்சை.

சாவி என்னிடம்.
ஃபுவென்சாந்தா என்ற என் பெயருக்குப்
புனித ஊற்று என்று பொருள்.
அதை நம்பிக் கொடுத்துவிட்டாரோ என்னவோ.
நான் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள்.

லோர்க்கா ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோனில் கேட்டார்:
முள் எதில் நிற்கிறது?
ஒன்றில்.
ஒன்று என்றால் நல்லது.
நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?
நல்லது, என்றார்.
பதினோரு வருஷம் இங்கே இருந்தும்
அவருடைய ஸ்பானிய மொழியில் எல்லாமே நிகழ்காலம்.

மோட்டாரை நிறுத்தாமல் வால்வைத் தொடாதே
என்று நாலு தரம் சொன்னார். நிறுத்தினேன். திருப்பினேன்.
ஃபில்டருக்குள் தண்ணீரைத் தலைகீழாக ஓட விட்டேன்.
கண்ணாடிக் குழாயில் செம்மண் நிறத்தில்
ஒரு பாலைவனம் வெளியேறியது.
மணலைப் பிடித்து வைத்திருந்ததும் மணல்தான்.
தெளியும் வரை நின்றேன், பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன்.

மறுநாளும் பச்சை.

குளத்தோரக் கூடையில் காகிதப் பூக்கள்,
செத்த பல்லி ஒன்று,
யாருடையதோ காதில் மாட்டும் கருவி, இடது பக்கம் மட்டும்.
எல்லாம் எடுத்தாயிற்று.
சுவரின் துவாரங்களில் தண்ணீருக்குப் பதில்
குமிழி வந்துகொண்டே இருந்தது.
மோட்டாரோ சரளைக்கல்லைக் கடித்துத் தின்றது.
போதும் என்று அதன் வாயை மூடினேன்.

அப்போதுதான் பார்த்தேன்.
மோட்டார் நின்றிருக்கிறது.
முள் ஒன்றில் நிற்கிறது.

தட்டினேன். ஒன்று.
விரல் கணுவால் ஓங்கித் தட்டினேன். ஒன்று.
எத்தனை கோடையாக இதைக் கேட்டு
நல்லது நல்லது என்று தலையாட்டினோமோ.

அவரிடம் சொல்லவில்லை.
அவர் குளியலறையிலிருந்து ஷேவிங் நுரையை எடுத்து வந்தேன்.
மோட்டாரை ஓட விட்டு
குழாய் சேருமிடம் எல்லாம் பூசினேன், கிறிஸ்துமஸ் போல.
எங்கே நுரை உள்ளே இழுபடுகிறதோ
அங்கே காற்று நுழைகிறது.
மூட்டுகளில் அசையவில்லை.
பம்ப்பின் மூடி ஓரத்தில்
கன்னத்தில் விழுவதுபோல் ஒரு சிறு குழி விழுந்தது.

ரப்பர் வளையத்தில் மயிரிழை வெடிப்பு.
அதற்குள் ஓர் அத்திவிதை.

ஹினேஸ் கடையில் வளையம் ஆறு யூரோ நாற்பது.
அழுத்தமானி பதினான்கு.
இரண்டுமா, என்றான்.
இரண்டும்தான்.

வளையத்துக்குக் கிரீஸ் தடவி,
பம்ப்பின் தொண்டை நிறைய வாளியால் நீர் வார்த்து,
மூடி, முறுக்கி, சுவிட்சைப் போட்டேன்.
இருபது விநாடி வெறும் ஊளை.
நாற்பது.
நிறுத்திவிடலாம் என்று கை போன நேரம்
எங்கோ அடியில் ஒரு விக்கல்,
பிறகு தண்ணீர்.
புது முள் எழுந்தது. நடுங்கியது.
நடுங்குகிற முள்ளை நான் அதுவரை கண்டதில்லை.

ஞாயிறு பேருந்து இல்லை. லோர்க்கா போனேன்.
மால்கமின் கட்டிலருகே கம்பத்தில் ஒரு பம்ப்.
எங்கள் மொழியில் அதற்கும், குளத்து மோட்டாருக்கும்,
வெடிகுண்டுக்கும் ஒரே சொல்: போம்பா.
என் போம்பா எப்படி, என்று அவர் உரக்கக் கேட்க
பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார்.

அந்த நேரம் கம்பத்துப் பம்ப் அலறியது.
குழாயில் காற்று, என்றது திரை.
செவிலி வந்து நகத்தால் சுண்டினாள்.
ஒரு குமிழி மேலே போயிற்று.

முள்?
நடுங்குகிறது, என்றேன்.
தன் கையைப் பார்த்துக்கொண்டார்.
நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?
நல்... என்று தொடங்கி, விட்டுவிட்டார்.

தண்ணீர் என்ன நிறம்?
அடி ஓடுகளை எண்ணலாம்.
எண்ணினாயா?
ஆழம் குறைந்த பக்கம் மட்டும்.
அந்தப் பக்கம் இன்னும் தெரியவில்லை.

பழைய மானி என் கைப்பையில் இருந்தது,
காட்டுவதற்காகக் கொண்டு போனது.
வெளியே எடுக்கவில்லை.
பேருந்து நிறுத்தத்தில் திறந்து பார்த்தேன்.
ஒன்று.