ஒரு ஜோடிக் கம்பியில் பதினாறு பேர்

தடைக்காலம் முடிய ஆறு நாள்.
மண்டபத்தில் ஐஸ் விலை இன்னும் எழவில்லை.
சேசுராயன் கம்பெனியின் குளிர் அறைகள்
காலியாகவே உறுமிக்கொண்டிருக்கின்றன.

நான் ஏணிமேல்.
வாயில் ஸ்குரூ டிரைவர்.
இடது கையில் முறுக்கிய இரட்டைக் கம்பி.
கீழே ஜகுபர் பிடித்திருப்பது
ஏணியையா டார்ச்சையா, தெரியவில்லை.

பதினோரு வெப்பமானி,
மூன்று கரண்ட் மீட்டர்,
இரண்டு கம்ப்ரஸர் டிரைவ்.
எல்லாருக்கும் ஒரே பாதை.
யாரும் தானாக வாய் திறக்கக் கூடாது.
கன்ட்ரோலர் ஓர் எண்ணைக் கூப்பிடும்,
அந்த எண் மட்டும் பதில் சொல்லும்,
மற்றவர்கள் கேட்டும் கேளாமல் இருக்க வேண்டும்.
"மீன் ஏலத்துக்கு இந்தச் சட்டத்தக் கொண்டுவாங்க"
என்கிறார் ஜகுபர்.

முன்பு வந்தவர்கள்
எல்லாக் கம்பியையும் ஒரே பெட்டிக்குள் இழுத்து
சிலந்தி மாதிரிக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.
ஒரு பகல் முழுக்கப் பிரித்தேன்.
பிறகு ஆயிரங்கால் தூண்டில் போல
ஒரே நீளக் கயிறு,
ஆளுக்கு ஒரு சாண் கிளை.
கடைசி ஆளின் காலடியில்
நூற்றிருபது ஓம் பொடிப் பயல்.

"இவன் எதுக்கு?"
போன சொல் முனையில் முட்டித்
திரும்பி வராமல் இருக்க என்றேன்.
ஜகுபர் கதவு வழியே ஜெட்டியைப் பார்த்தார்.
கல் கொட்டிய பக்கம் வள்ளங்கள் ஆடவில்லை.
அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

இரண்டு கம்பிக்கும் அவரே பெயர் வைத்தார்:
நீலம் ஆண்கடல், வெள்ளை பெண்கடல்.
ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும்.
டிரைவ் கிளப்பும் இரைச்சல்
இரண்டிலும் ஒரே அளவு விழும்;
ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால்
பேச்சு மட்டும் மிஞ்சும்.
நாலாம் அறையில் கடல்கள் இடம் மாறிக் கிடந்தன.
மண்டபத்தில் இதுகூடத் தெரியாமலா என்று
ஜகுபருக்குக் கோபமே வந்துவிட்டது.

ஒன்றாம் எண்தான் படுத்தியது.
கூப்பிட்டால் ஒரு நேரம் பதில்,
மூன்று நேரம் குப்பை.
இரவு பதினொன்றுக்குப் புரிந்தது:
ஒன்பதாம் அறையில் புதிதாக மாட்டிய வெப்பமானியும் ஒன்று.
பெட்டி பிரிக்கும்போது எல்லாருக்கும் அதுதான் எண்,
யாரும் மாற்றவில்லை.
பெயர் சொன்னதும் இருவரும் எழுந்து
உள்ளேன் ஐயா, உள்ளேன் ஐயா,
ஒருவர் குரலும் விழவில்லை.
ஜகுபரின் லெதர் கோட்டைப் போட்டுக்கொண்டு போய்
விரல் மரக்க மரக்க மெனுவைத் தேடி
அதற்கு ஒன்பது என்று எண் கொடுத்தேன்.

விடிந்ததும் சேசுராயன் வந்தார்.
திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
முதல் அறை: 6535.6 டிகிரி.
"பெல்சியா, மீனு வெந்துராது?"

கழித்தல் குறி என்று ஒன்று இருப்பதை
கன்ட்ரோலருக்கு நான் சொல்லாமல் விட்டிருந்தேன்.
பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியதை
அது உச்சத்திலிருந்து எண்ணிக்கொண்டிருந்தது.
ஒரு பெட்டியில் டிக்.
மைனஸ் பதினெட்டு.
அவர் நம்பவில்லை,
உள்ளே போய் மூச்சு விட்டுப் பார்த்து வந்தார்.

பதினாறு பேரில் பதினைந்து பேர் சரி.
கடலோர மோட்டாரின் மீட்டர் மட்டும்,
கச்சான் அடிக்கும் நேரத்தில்,
பதில் சொல்வதில்லை.
டெர்மினலில் பச்சைக் களிம்பு.
சுரண்டினேன், மறுநாளும் பூத்திருந்தது.
புது மீட்டர் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும்.

அதுவரை ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன்:
மூன்று முறை கூப்பிடு,
வரவில்லையென்றால் அடுத்தவரிடம் போ.
அது போகிறது.
பதினைந்து பேரையும் விசாரித்துவிட்டு
மறுபடி அங்கேயே வந்து நிற்கிறது.

பஸ் பாம்பன் திருப்பத்தைத் தாண்டும்போது
ஜகுபர் போன் செய்தார்.
"இப்ப ஒரு தடவ பேசுச்சு.
என்ன சொன்னுச்சுன்னு பாக்குறதுக்குள்ள போயிருச்சு."